மாதா கோயில் தெருவின் மூன்றடி மேடு

குழாயைத் திறந்ததும் முதலில் வந்தது சத்தம்தான். குக்கர் மேலிருக்கும் வெயிட்டைக் கரண்டியால் தூக்கினால் வருமே, அப்படி ஒரு 'உஸ்ஸ்'.

ஒலிபெருக்கிக்காரர் அதைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே ஒன்றியத் தலைவர் குனிந்து குழாயின் வாயைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"காத்துங்க. புது லைன் பாருங்க. காத்து போயிட்டுதான் தண்ணி வரும்."

மிகுந்த தன்னம்பிக்கையோடு சொன்னேன். நான் தன்னம்பிக்கையோடு சொன்ன எதுவும் நடந்ததில்லை என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

நன்னிலத்திலிருந்து உள்ளே ஒதுங்கிய ஊர். பெயர் வேண்டாம், இன்னும் அங்கிருந்து எனக்குக் கல்யாணப் பத்திரிகை வருகிறது. ஊரின் கிழக்குக் கடைசியில், வாய்க்கால் மதகைத் தாண்டி இருக்கிறது மாதா கோயில் தெரு. அரசாங்கக் காகிதத்தில் காலனி. நாற்பது வீடு. எல்லாரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள், அல்லது திருப்பூருக்குப் போனவர்கள்.

கூட்டத்துக்கு முன்னால் புதுப் பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு நின்றவர் லூர்து மேரி. நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவர். இடுப்பில் இரண்டு வயது மகள் அமலி. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். முதல் குடம் அவருக்கு என்று தெருவே முடிவு செய்து, குடத்தின் கழுத்தில் கதம்பம்கூடச் சுற்றியிருந்தது.

பத்து நிமிடம் காத்திருந்தோம். தலைவருக்கு அடுத்து ஒரு காதுகுத்து இருந்தது, போய்விட்டார். கலர் குடித்தவர்கள் பாட்டிலை வைத்துவிட்டுக் கலைந்தார்கள். லூர்து மேரி மட்டும் குடத்தை எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரம் சார் போவும், காத்து?"

"சாயங்காலத்துக்குள்ள போயிரும்மா."

இரண்டு மாதம் போனது.

தண்ணீர் நிபுணர்

போன வாரம் என் வளைகுடா அனுபவத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'பதினோரு மாதத்தில் திரும்பியவர் எல்லாம் கல்ஃப் ரிட்டர்னா?' என்று எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. என் அக்கா இதையே அந்தக் காலத்தில் இன்னும் கடுமையாகக் கேட்டாள்.

அங்கே எனக்குக் கிடைத்தது தண்ணீர்ப் பாட்டில் கிடங்கில் பெட்டி இறக்குகிற வேலை என்று சொன்னேன் அல்லவா. அந்தச் செய்தி எனக்கு முன்னால் ஊருக்கு வந்து, வாய் மாறி வாய் மாறி, நான் விமானம் இறங்கியபோது, 'கடல் தண்ணியக் குடிதண்ணியா மாத்துற கம்பெனியில இருந்தவரு' என்று ஆகியிருந்தது. நான் மறுக்கவில்லை. மறுத்துவிட்டால் என்னிடம் வேறு தகுதி எதுவும் மிஞ்சாது. சிவில் டிப்ளமாவில் இரண்டு பேப்பர் பாக்கி.

பாபநாசத்தில் அக்கா வீட்டுக்காரர் காண்டிராக்டர். சிறு பாலம், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் என்று கட்டிக்கொண்டிருந்தவருக்குக் கிராமத்துக் குடிதண்ணீர் வேலை ஒன்று கிடைத்தது. ஏற்கெனவே நிற்கிற மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருத்தெருவாகக் குழாய் போட வேண்டும்.

"தண்ணி விஷயம் உனக்குத் தெரியும்ல?" என்றார் அத்தான்.

"தெரியும் அத்தான்."

தூக்கியிருக்கிறேனே, தெரியாதா.

டீக்கடையில் எழுதிய புத்தகம்

குழாய் போடுவதற்கு முன்னால் தரையின் மட்டம் எடுக்க வேண்டும். அதற்கு மூன்று கால் வைத்த லெவல் கருவி உண்டு. கும்பகோணத்திலிருந்து வாடகைக்குக் கொண்டுவர வேண்டும். அத்தானிடம் கேட்டேன்.

"ஏண்டா, தஞ்சாவூர் ஜில்லாவுல மேடு தேடுறவனும் சமுத்திரத்துல ஈரம் தேடுறவனும் ஒண்ணு" என்றார்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. வெளியூர்க்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு மேடு பள்ளத்தில் நம்பிக்கை கிடையாது. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுவது பாலம் வந்தால் மட்டும்தான். தண்ணீர் என்றால் கிழக்கே போகும். ஆறு போகிறது, வாய்க்கால் போகிறது, மழைத்தண்ணீர் போகிறது. குழாய்த் தண்ணீருக்கு மட்டும் என்ன தனி புத்தியா?

டீக்கடை பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்து மட்டப் புத்தகத்தை எழுதி முடித்தேன். ஐம்பது அடிக்கு ஒரு எண். தொட்டியடி, மெயின் தெரு, மதகு, மாதா கோயில் தெரு. எண்கள் எல்லாம் சமர்த்தாக ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. நடுவில் ஓரிடத்தில் சந்தேகம் வரக்கூடாது என்று அரை அங்குலம் ஏற்றிவிட்டு மறுபடி இறக்கினேன். நான் எழுதிய முதல் கற்பனைப் படைப்பு அதுதான். பத்திரிகை ஆசிரியருக்கு இதுவரை சொன்னதில்லை.

மதகுக்குப் பக்கத்தில் குழி வெட்டிக் குழாய் இறக்கியபோது லூர்து மேரி நடவு முடித்துச் சேற்றுக் காலோடு அந்த வழியாக வந்தார். நின்று பார்த்தார்.

"சார், மதகு தாண்டிட்டா எங்க தெரு மேடு. தண்ணி ஏறுமா?"

"அதெல்லாம் புக்குல பாத்தாச்சும்மா."

"புக்கு எங்க தெருவுக்கு வரவே இல்லையே சார்."

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நகைச்சுவை யாரிடமிருந்து வந்தாலும் ரசிப்பேன். அதுதான் என் வியாதி. ரசித்துவிட்டு அடுத்த குழாயை இறக்கச் சொன்னேன்.

மண் வந்த கதை

இரண்டு மாதம் 'உஸ்' என்ற பிறகு என்னைத் தெருவில் 'காத்து சார்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலையில் லூர்து மேரி என் சைக்கிளை மறித்தார். கையில் ஒரு டம்ளர் டீ.

"குடிங்க சார்."

டீ மை நிறத்தில் இருந்தது. அடிபம்புத் தண்ணீரில் போட்டது. அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் உப்பும் துருவுமாக இருக்கும். சோறு வடித்தால் மஞ்சள், டீ போட்டால் கறுப்பு. ஒரு வாய் குடித்தேன். ஆணியை நக்கியதுபோல இருந்தது.

"இதத்தான் எம் புள்ள குடிக்குது. குடிச்சா வயித்தால போவுது. டாக்டரு நல்ல தண்ணி குடுங்கன்னு எழுதிக் குடுக்குறாரு. எழுதுனது நல்லாத்தான் இருக்கு. நல்ல தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

மெயின் தெருக் குழாய்க்குப் போகலாம். அங்கே எல்லாரும் பிடித்து முடித்த பிறகு இவர்கள் பிடிக்கலாம். கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிடித்து முடிக்கவும் மாட்டார்கள். கேன் தண்ணீர் வாங்கலாம். டெம்போ ஒன்று வர ஆரம்பித்திருந்தது. ஒரு கேன் வாங்கினால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். பிள்ளைக்கு மட்டும் என்று வாங்கி, மருந்துபோல மூடியில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தாராளமயமாம், நாட்டையே திறந்துவிட்டார்கள் என்று அப்போது பேப்பரில் தினமும் வரும். எங்கள் பக்கத்துப் பெட்டிக்கடையிலும் வெளிநாட்டுக் குளிர்பானம் வந்துவிட்டது. வேண்டிய அளவு கிடைக்கும். தண்ணீர் மட்டும் மதகு தாண்டவில்லை.

"ஏம்மா, உங்க தெரு மட்டும் எப்படி மேடாச்சு?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன். குழாயைப் புதைத்துவிட்டுக் கேட்டேன் என்பதைக் கவனிக்கவும்.

ஒரு வருஷம் வெள்ளத்தில் அந்தத் தெருக் குடிசைகளுக்குள் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றிருக்கிறது. பிறகு ஓட்டு வீடு கட்டித் தருகிறோம் என்று வந்தவர்கள், முதலில் மனையை உயர்த்துங்கள் என்றார்களாம். லாரி யாரும் அனுப்பவில்லை. கோடையில் குளம் வற்றியதும் தெருவே இறங்கி, கூடை கூடையாக மண் வெட்டித் தலையில் சுமந்து கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்.

"கல்யாணமாகி வந்த மொத கோடை சார். தாலி கட்டுன கையோட கூடையக் குடுத்துட்டாங்க" என்றார் லூர்து மேரி. "அப்பறம் ஐப்பசி மழைக்கு மெயின் தெருவுல முட்டித் தண்ணி நிக்கும். எங்க வாசல்ல நிக்காது. வேடிக்க பாப்போம்."

வெள்ளத்துக்குத் தப்பிக்க உயர்த்திய மண். அதே மண் குடிதண்ணீரை மறித்துக்கொண்டு நின்றது. இதை யாரிடம் போய் நொந்துகொள்வது? என்னிடம்தான். அவர் நொந்துகொண்டார்.

ராஜப்பா அண்ணன்

மூன்றடி மேடு பெரிய விஷயமா, தொட்டி உயரத்தில்தானே இருக்கிறது என்று விவரம் தெரிந்த வாசகர்கள் கேட்கலாம். தொட்டி உயரத்தில்தான் இருந்தது. நடுவில் மெயின் தெருவும் இருந்தது.

மெயின் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தார். அங்கிருந்து மார்பிள் தரை வந்தது, தரைக்கடியில் தொட்டி வந்தது, குழாயில் மாட்டி உறிஞ்ச டுல்லு மோட்டார் வந்தது. காலையில் தண்ணீர் திறந்ததும் தெரு முழுக்க வண்டு மொய்ப்பதுபோல ஒரு ரீங்காரம். அத்தனை வாய்க்கும் கொடுத்துவிட்டு மதகுக்கு வரும்போது தண்ணீருக்குத் தவழத்தான் தெம்பு இருந்தது. மூன்றடி ஏறத் தெம்பில்லை.

ராஜப்பா அண்ணன் அந்தத் தெருவில் பெரிய வீட்டுக்காரர். மகன் சிங்கப்பூரில். நல்ல மனுஷர், போனால் காபி தராமல் விடமாட்டார்.

"அண்ணே, மோட்டார காலைல ஒரு மணி நேரம் நிறுத்துனீங்கன்னா..."

"நான் நிறுத்துறேன் தம்பி. எதுத்த வீட்டுக்காரன் நிறுத்துவானா?"

எதிர் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவரும் ராஜப்பா நிறுத்துவாரா என்று கேட்டார். திரும்பி வந்தேன்.

"அண்ணே, கடைமடைக்குத் தண்ணி வரலன்னு போன வாரம் ரோட்ல உக்காந்தீங்களே. மேல இருக்கறவன் எல்லாத்தையும் எடுத்துக்கறான்னு மைக்ல பேசுனீங்களே. இதுவும் அதுதானே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது வயலுக்கு தம்பி. இது வீட்டுக்கு."

காபியைக் குடித்துவிட்டு வந்தேன். நல்ல காபி.

என் மூளை வேலை செய்த நாள்

ஆவணியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீர் மேலே ஏறவில்லையா? நாம் கீழே இறங்குவோம்.

குழாயைச் சுற்றி மூன்றடிக்குக் குழி வெட்டினோம். இறங்க இரண்டு படி. நிற்கும் பைப்பை அறுத்து அடியில் குழாயை மாட்டினேன். மறுநாள் காலை திறந்தால் 'உஸ்' இரண்டு நிமிடம்தான். பிறகு சுண்டுவிரல் கனத்தில் தண்ணீர் வந்தது.

தெருவே வந்து எட்டிப் பார்த்தது. லூர்து மேரி படியில் இறங்கிக் குடத்தைப் பிடித்தார். கதம்பம் இல்லை. அமலிக்குக் கையில் ஏந்திக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னை நிற்கவைத்து ஒரு சிவப்புப் பூத்துண்டு போர்த்தினார்கள். ஒருவர்கூட என்னை 'காத்து சார்' என்று கூப்பிடவில்லை. அந்த இரண்டு மாதம் மாதிரி என் வாழ்க்கையில் இன்னொரு இரண்டு மாதம் வரவில்லை.

அவர்கள் தலையில் சுமந்து உயர்த்திய இடத்தையே தோண்டிக் குழியாக்கிவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. துண்டு நன்றாக இருந்தது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. எந்தக் குழியில் மழைத்தண்ணீர் நிற்கும்? தெருவில் இருந்த ஒரே குழியில். வாசல் கழுவிய தண்ணீர், மாட்டுக்கொட்டகைத் தண்ணீர், எல்லாம் அதில் இறங்கியது. குழாய் அதில் மூழ்கிக் கிடந்தது. காலையில் தொட்டியை மூடியதும் வெறுமையான பைப் அந்த அழுக்கை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் திறந்தால் அதுதான் முதலில் வரும். பார்க்கத் தெளிவாகவே இருக்கும்.

அமலியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மெலிந்த கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை என்னைப் பார்த்தது. கண் குழி விழுந்திருந்தது. வழக்கமாக என்னைப் பார்த்தால் 'உஸ்' என்று செய்துகாட்டும். செய்யவில்லை.

நர்ஸ் கேட்டார்: "எந்தத் தண்ணி குடுக்கறீங்க?"

"குழாத் தண்ணிதாம்மா" என்றார் லூர்து மேரி. "இவரு போட்டது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையால் என்னைக் காட்டினார், அவ்வளவுதான்.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். பழக்க தோஷம். வெளியே வந்து ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "வயித்தால போற புள்ளைக்கு யாராவது இத வாங்குவாங்களா தம்பி?" என்றார் லூர்து மேரி. அன்றைக்குத்தான் 'சார்' போய் 'தம்பி' வந்தது. மரியாதை குறைந்ததா கூடியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பொய் ஆகாத பொய்

அமலி ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டது. குழி அங்கேயேதான் இருந்தது. கேன் தண்ணீர் மறுபடி ஆரம்பித்தது.

உண்மையான வழி ஒன்றுதான். தொட்டியிலிருந்து மாதா கோயில் தெருவுக்குத் தனியாக ஒரு குழாய், மேட்டின் மேல் ஒரு சின்னத் தொட்டி. மட்டத்தை ஒழுங்காக எழுதியிருந்தால் முதல் எஸ்டிமேட்டிலேயே வந்திருக்கும். இப்போது கேட்டால் ஒன்றிய அலுவலகத்தில் மட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். 'தரை இறங்குதே, தண்ணி போவணுமே.' தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். 'ஆய்வு செய்யப்பட்டது. தண்ணீர் செல்ல ஏதுவாக உள்ளது' என்று பதில் வந்தது. ஆய்வு செய்தது என் புத்தகத்தை.

அத்தானிடம் போய், உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"நீ யோக்கியனாகறதுக்கு என் லைசன்ஸ்தான் கெடச்சுதா?" என்றார். அக்கா உள்ளேயிருந்து, "சாப்புட்டுட்டுப் போவச் சொல்லுங்க" என்றாள். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் நான் சாப்பிடவில்லை.

அலுவலகத்தில் இன்ஜினியர் என் வயதுக்காரர்தான். எழுதிக்கொண்டு போன காகிதத்தை நீட்டினேன். மட்டம் எடுக்கவே இல்லை, டீக்கடையில் எழுதியது என்று ஒளிக்காமல் எழுதியிருந்தேன். படித்தார். மறுபடி மடித்தார்.

"இத வச்சு நான் என்ன செய்யிறது?"

"தப்பு என்னோடதுங்க. நான் பொய்யா எழுதிட்டேன்."

"எழுதுனீங்க, சரி. அத மூணு பேரு சரிபாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கோம். இப்ப அது பொய் இல்ல."

"தண்ணி ஏறலைங்களே."

"தண்ணி ஏறலைன்னா அதுக்கு வேற காரணம் இருக்கும். போய்ட்டு வாங்க."

பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக இருந்ததே, அதைத் திரும்ப வாங்குவது ஏன் இத்தனை கஷ்டமாக இருக்கிறது? படியிறங்கும்போது பியூன், "என்னங்க, காரியம் முடிஞ்சுதா?" என்றார். முடிந்துவிட்டது என்றேன்.

தண்ணீரிடமே கேட்பது

தை மாதக் கிராம சபையில் வேலை முடிந்ததாகத் தீர்மானம் போடப்போகிறார்கள் என்று தெரிந்தது. எல்லாத் தெருவுக்கும் குடிநீர் கிடைக்கிறது என்று ஊரே கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. அந்தக் கோப்பை அப்புறம் யாரும் திறக்க மாட்டார்கள்.

லூர்து மேரியிடம் போய்ச் சொன்னேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், டீக்கடைப் பெஞ்சு உட்பட. முழுக்கக் கேட்டார்.

"ரெண்டு நாளு டீக்கடையில உக்காந்தீங்க. ஒரு நாளு எங்க தெருவுல உக்காந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்ல?"

"சொன்னீங்கக்கா. நான்தான் கேக்கல."

"சரி. வயல்ல பரம்படிச்சு மண்ண நெரவிட்டு மேடு பள்ளம் எப்படிப் பாப்போம்? தண்ணிய விட்டுத்தான் பாப்போம். தண்ணிகிட்டயே கேப்போம், வாங்க."

தெருவில் ஒரு கொத்தனார் இருந்தார். சுவருக்கு மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப் வைத்திருந்தார். இன்னொரு டியூபும் வாங்கி இரண்டையும் சேர்த்தோம். உள்ளே தண்ணீர் ஊற்றி, தெரிவதற்காகத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்தோம். அவ்வளவுதான் கருவி. கும்பகோணம் போக வேண்டியிருக்கவில்லை.

கிராம சபை மதகுக்குப் பக்கத்து ஆலமரத்தடியில். இன்ஜினியர் வந்திருந்தார். ராஜப்பா அண்ணன் முன் வரிசையில். தீர்மானத்தை வாசித்து முடித்ததும் கையெழுத்து நோட்டு சுற்றில் வந்தது. லூர்து மேரியிடம் வந்ததும் நின்றது.

"போடுறோம் சார்" என்றார் இன்ஜினியரைப் பார்த்து. "இத ஒரு தடவ புடிச்சிட்டீங்கன்னா எல்லாரும் போட்டுடுறோம்."

அவர் என்னை முறைத்தார். மறுக்கவும் முடியவில்லை, நூறு பேர் பார்க்கிறார்கள். டியூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மதகுக்கு மேற்கே மெயின் தெருவில் நின்றார். மறுமுனையோடு நான் கிழக்கே, மாதா கோயில் தெரு தொடங்கும் இடத்தில். முனையை மெதுவாகக் கீழே இறக்கினேன். முழங்கால், கெண்டைக்கால். தண்ணீர் நிலைத்தபோது நீலம் என் கணுக்காலில் நின்றது.

"சாருக்கு எங்க நிக்குது?" என்று லூர்து மேரி கேட்டார்.

எல்லாரும் இன்ஜினியர் பக்கம் திரும்பினார்கள். நீலம் அவருடைய பெல்ட் கொக்கியில் நின்றது.

பின்வரிசைக்காரர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் மூன்றடி மேட்டைக் கண்ணால் பார்த்த அதிர்ச்சி.

"டியூபுக்குள்ள காத்து இருக்கும்" என்றார் இன்ஜினியர்.

"காத்து போயிட்டுதான் பாக்குறோம் சார்" என்றார் லூர்து மேரி.

முதலில் சிரித்தது ராஜப்பா அண்ணன்தான். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மனுஷர், டியூபையும் என் கணுக்காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏறாது சார், இதுல எப்படி ஏறும்?" என்றார். மோட்டாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நான் எதிர்பார்க்கவும் இல்லை. தீர்மானத்தை அடித்துவிட்டு, தனிக் குழாயும் சின்னத் தொட்டியும் வேண்டும் என்று எழுதினார்கள். இன்ஜினியரும் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஆயிற்று. கோப்பு ஒவ்வொரு மேசையிலும் ஒரு சாகுபடி முடித்துவிட்டுத்தான் எழுந்தது. மட்டத்தை மறுபடி எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எடுக்க வேண்டியவன்: நான். கூலி கிடையாது. உத்தரவின் முதல் வரியில் என் பழைய புத்தகத்தைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது: 'எழுத்துப் பிழை காரணமாக.' இரண்டு நாள் டீக்கடையில் உட்கார்ந்து செய்த எழுத்துப் பிழை.

கூடை

ரிப்பன் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. வேறொரு காண்டிராக்டர் வேலையை முடித்திருந்தார். மேட்டின் மேல் கறுப்புத் தொட்டி. அதனடியில் இடுப்பு உயரத்தில் குழாய். நான் கூப்பிடாமலே போயிருந்தேன். தோளில் அந்தப் பூத்துண்டு. நிறம் வெளுத்திருந்தது.

லூர்து மேரி குழாயைத் திறந்தார்.

'உஸ்ஸ்.'

நாற்பது வீடும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செம்மண் கலங்கலாக ஒரு துப்பல், அப்புறம் நின்று யோசித்துவிட்டு இன்னொன்று, அப்புறம் கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணீர். தெளிகிற வரைக்கும் யாரும் குடம் வைக்கவில்லை. தெளிந்ததும் லூர்து மேரி ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தானே முதலில் குடித்தார், அந்த நாள் முழுக்கக் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்கப்போகிறேன் என்றார். என்னை வைத்துக்கொண்டே சொன்னார். நான் போட்ட குழாய் இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

சைக்கிளை எடுத்தேன்.

"தம்பி, கெளம்பிடாதீங்க. அது அப்படியே கெடக்கு."

என் குழி. பழைய குழாயைச் சுற்றி, இரண்டு படியோடு, பாசி பிடித்த தண்ணீரோடு கிடந்தது. பக்கத்தில் குளத்திலிருந்து வெட்டிவந்த மண் குவியலாக இருந்தது. நாலு பெண்கள் மண்வெட்டியோடு தயாராக நின்றார்கள்.

"மொதக் கூடை நீங்கதான் போடணும்" என்றார்.

கௌரவம் என்று நினைத்தேன். என் தோளிலிருந்து துண்டை அவரே உருவி, முறுக்கிச் சும்மாடாகச் சுற்றி என் தலையில் வைத்தார். அதன் மேல் கூடை ஏறியது. பதினோரு மாதம் பெட்டி தூக்கிய கழுத்துதான். இருந்தாலும் ஈர மண் வேறு கணக்கு. பத்தடி நடந்து குழியில் கொட்டினேன். தண்ணீர் ஒரு முறை விக்கியது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் கூடை மறுபடி நிரம்பியிருந்தது.

"இன்னுமாக்கா? எத்தன கூடை?"

"தெரியாது தம்பி" என்றார் லூர்து மேரி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. "அன்னிக்கு நாங்க எண்ணல."

சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்தேன்.